பில்லி ஜோயலின் 'தி ஸ்ட்ரேஞ்சர்' (1977): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஆல்பம் எப்போது வெளிவந்தது? யார் யார் அதில் பணியாற்றினார்கள்?

அமெரிக்கப் பாடகரும் பியானோ கலைஞருமான பில்லி ஜோயலின் ஐந்தாவது ஆல்பம் 'தி ஸ்ட்ரேஞ்சர்'. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 1977 செப்டம்பர் இறுதியில் அதை வெளியிட்டது. அதில் 9 பாடல்கள் உள்ளன. எல்லாவற்றையும் கேட்டு முடிக்க 42 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். பாடல்களை எழுதி மெட்டமைத்தவர் ஜோயல். தயாரிப்பாளர் ஃபில் ரமோன். ஒலிப்பதிவு 1977 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நியூயார்க் நகரின் ஏ அண்ட் ஆர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது.

டிரம்ஸ் வாசித்தவர் லிபர்ட்டி டெவிட்டோ, பேஸ் கிதார் டக் ஸ்டெக்மேயர், சாக்ஸஃபோனும் பிற ஊதுகருவிகளும் ரிச்சி கன்னாட்டா. இம்மூவரும் ஜோயலுடன் ஊர் ஊராகச் சென்று மேடையில் வாசித்துவந்தவர்கள். ஸ்டீவ் கான், ஹைரம் புல்லக், ஹியூ மெக்ராக்கன், ஸ்டீவ் பர்க் ஆகிய கிதார் கலைஞர்கள் ஒலிப்பதிவுக்கென அழைக்கப்பட்டவர்கள்.

'பியானோ ராக்' என்று எதைக் குறிப்பிடுகிறார்கள்?

ராக் இசை பிறந்த 1950களிலேயே பியானோ அதன் நடுநாயகமாக இருந்தது. ஃபேட்ஸ் டாமினோ, லிட்டில் ரிச்சர்ட், ஜெர்ரி லீ லூயிஸ் மூவரும் பியானோவைத் தாளக் கருவியைப் போலவே அடித்து வாசித்தார்கள். 1960களில் மின்கிதார் முன்னுக்கு வந்தபோது பியானோ பின்வரிசைக்குப் போயிற்று. அதை மீண்டும் முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்கள் 1970களின் தொடக்கத்தில் எழுந்த கரோல் கிங், எல்டன் ஜான் போன்றவர்கள். ஜோயல் அந்த வரிசையில் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தவர்.

பியானோவை மையமாக வைத்து ராக் குழு ஒன்றை ஒலிப்பதிவு செய்வது எளிதன்று. பியானோ வாசிப்பவரின் இடக்கை பேஸ் கிதாரின் எல்லைக்குள்ளும், வலக்கை கிதாரும் குரலும் புழங்கும் எல்லைக்குள்ளும் நுழைந்துவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தை நிரப்ப முயன்றால் ஒலி கலங்கிப்போகும். ஆகவே பியானோ எப்போது ஒதுங்க வேண்டும், டிரம்ஸ் அதன் எந்தச் சொடுக்கைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதைக் குழுவினர் பழகிப்பழகித்தான் அறிய முடியும். 'தி ஸ்ட்ரேஞ்சர்' ஏன் இப்படி ஒலிக்கிறது என்ற கேள்விக்கு என் விடை பெரும்பாலும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இதற்கு முன் ஜோயலின் நிலை என்ன?

கவலைக்கிடமாகவே இருந்தது. 1971இல் வந்த முதல் ஆல்பமான 'கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்' தவறான வேகத்தில் பிரதி எடுக்கப்பட்டதால், அதில் அவருடைய குரல் இயல்பைவிட உயர்ந்து கீச்சென்று ஒலித்தது. கட்டிப்போட்ட ஒப்பந்தத்திலிருந்து விடுபட வழி தேடி லாஸ் ஏஞ்சலஸ் சென்று, அங்கே ஒரு மதுக்கூடத்தில் 'பில் மார்ட்டின்' என்ற பெயரில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த 'பியானோ மேன்' 1973இல் அவருக்கு ஓரளவு பெயர் வாங்கித் தந்தது. ஆனால் அடுத்து வந்த ஆல்பங்கள் அந்தப் பெயரை வளர்க்கவில்லை.

நான்காவது ஆல்பமான 'டர்ன்ஸ்டைல்ஸ்' உருவான விதத்தை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். அதன் தயாரிப்பாளராக முதலில் அமர்த்தப்பட்ட ஜேம்ஸ் வில்லியம் குவெர்சியோ, எல்டன் ஜானின் குழுவில் வாசித்த பேஸ் கலைஞர் டீ மர்ரேயையும் டிரம்ஸ் கலைஞர் நைஜல் ஓல்சனையும் கொண்டு ஒலிப்பதிவு செய்தார். விளைந்தது ஜோயலுக்குத் தன் இசையாகவே தோன்றவில்லை. அந்தப் பதிவுகளை ஒதுக்கிவிட்டு, நியூயார்க்குக்குத் திரும்பி, லாங் ஐலண்ட் பகுதியைச் சேர்ந்த தன் குழுவினரைக் கொண்டு தானே தயாரிப்பாளராக இருந்து மறுபடி பதிவு செய்தார். 1976இல் வெளிவந்த அந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு இசைத் தரவரிசைப் பட்டியலில் 122ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பிற்காலத்தில் மிகவும் போற்றப்பட்ட 'நியூயார்க் ஸ்டேட் ஆஃப் மைண்ட்' அதில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அடுத்த ஆல்பமும் விற்காவிட்டால் நிறுவனம் கைவிட்டுவிடும் என்ற அச்சம் சூழ்ந்த வேளையில்தான் 'தி ஸ்ட்ரேஞ்சர்' தொடங்கியது.

பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினை ஜோயல் மறுத்தார் என்பது உண்மையா?

உண்மை. பீட்டில்ஸ் குழுவைப் பூசித்து வளர்ந்தவர் ஜோயல். ஜார்ஜ் மார்ட்டின் அவருடன் பணியாற்றத் தயாராகவும் இருந்தார். ஆனால் மார்ட்டின் ஒரு நிபந்தனை வைத்தார்: ஜோயலின் சொந்தக் குழு வேண்டாம், கைதேர்ந்த ஒலிப்பதிவுக் கலைஞர்களைக் கொண்டு வாசிக்கச் செய்யலாம் என்றார். ஜோயல் தன் குழுவினரை விட்டுவிட்டு வர மறுத்துவிட்டார்.

விற்பனை இல்லாத, நிறுவனத்தின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்த 28 வயதுக் கலைஞர் ஒருவர், உலகிலேயே மிகப் புகழ்பெற்ற தயாரிப்பாளரை டிரம்ஸ், பேஸ், சாக்ஸஃபோன் வாசிக்கும் மூன்று தோழர்களுக்காக வேண்டாமென்று சொன்னார். இந்த ஆல்பத்தின் வரலாற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது இந்த முடிவுதான். இதில் நட்பின் விசுவாசம் மட்டும் இருந்ததாக நான் கருதவில்லை. 'டர்ன்ஸ்டைல்ஸ்' வேலையில் பிறருடைய குழுவுக்கு நடுவே அமர்ந்து வாசித்துப் பார்த்துவிட்டதால், தன் இடக்கையையும் ஸ்டெக்மேயரின் பேஸையும் டெவிட்டோவின் அடியையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஃபில் ரமோன் எப்படி வந்து சேர்ந்தார்? அவர் செய்தது என்ன?

தென்னாப்பிரிக்காவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த ரமோன், சிறுவயதில் வயலின் பயின்றவர். பின்னர் ஒலிப்பதிவுப் பொறியாளராகி, ஏ அண்ட் ஆர் கூடத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். பால் சைமனின் 1975ஆம் ஆண்டு ஆல்பத்தில் பணியாற்றியவர் என்பதால் கொலம்பியா நிறுவனத்துக்கு நன்கு அறிமுகமானவர். 1977 ஜூன் மாதம் கார்னகி அரங்கில் ஜோயல் நடத்திய கச்சேரிகளில் குழுவினரின் வாசிப்பைக் கேட்டு, இவர்கள் மேடையில் வாசிப்பதைப் போலவே ஒலிப்பதிவிலும் வாசிக்க வேண்டும் என்று அவர் கருதினார். ஜோயல் கேட்கக் காத்திருந்த வார்த்தையும் அதுதான்.

அக்காலத்தில் பெரிய நிறுவனங்களின் ஆல்பங்கள் பலவும் ஒவ்வொரு கருவியாகத் தனித்தனியே பதிவு செய்யப்பட்டு, மாதக்கணக்கில் ஒட்டி மெருகேற்றப்பட்டன. ரமோன் குழுவினரை ஒன்றாக உட்காரவைத்து வாசிக்கச் செய்தார். சில வாரங்களிலேயே வேலை முடிந்தது. குறைந்த முறைகளிலேயே நல்ல வாசிப்பைப் பிடித்துவிட வேண்டும், பத்தாவது முறை வாசிக்கும்போது பிழை போயிருக்கும், ஆனால் உயிரும் போயிருக்கும் என்பது அவர் அணுகுமுறை.

அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார் என்று இதற்குப் பொருளல்ல. கிதார் வாசிப்புக்கு வெளியிலிருந்து தேர்ந்தவர்களை அழைத்தது, அக்கார்டியனுக்கு டாமினிக் கோர்ட்டேஸ், தாளக் கருவிகளுக்கு ரால்ஃப் மெக்டொனால்டு என்று இடமறிந்து ஆள் சேர்த்தது எல்லாம் ரமோனின் பாணி. குழுவின் அடித்தளத்தில் கைவைக்காமல், அதன்மேல் எது தேவையோ அதை மட்டும் கட்டினார்.

'ஜஸ்ட் தி வே யூ ஆர்' ஆல்பத்தில் இடம்பெறாமல் போயிருக்குமா?

போயிருக்கும். அந்நாளில் தன் மனைவியாகவும் மேலாளராகவும் இருந்த எலிசபெத் வெபருக்குப் பிறந்தநாள் பரிசாக ஜோயல் எழுதிய பாட்டு அது. மெட்டு கனவில் வந்தது என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அவருக்கோ குழுவினருக்கோ அதன்மேல் பெரிய பற்று இருக்கவில்லை. திருமண விழாக்களில் வாசிக்கும் கொஞ்சல் பாட்டாக அது மாறிவிடும் என்று அஞ்சி, விட்டுவிடலாம் என்றே நினைத்தார்கள். பாடகியர் லிண்டா ரான்ஸ்டாட், ஃபீபி ஸ்னோ இருவரும் ஒருநாள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து கேட்டுவிட்டு, இதை விட்டுவிடுவதா என்று வியந்து வற்புறுத்திய பிறகுதான் அது தப்பிப் பிழைத்தது.

அந்தப் பாட்டின் தாளத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். வழக்கமான ராக் அடியில் வைத்திருந்தால் பாட்டு கனத்துப்போயிருக்கும். நேரடியான மென்மையில் விட்டிருந்தால் குழைந்துபோயிருக்கும். ரமோன் பிரேசில் நாட்டு இசையின் சாயலுள்ள, தளும்பி நகரும் ஒரு தாளத்தை டெவிட்டோவுக்குப் பரிந்துரைத்தார். இது எங்கிருந்தோ வந்த யோசனை அல்ல. 1964இல் வெளிவந்து பொசா நோவா இசையை அமெரிக்கா முழுவதும் கொண்டுசென்ற 'கெட்ஸ்/ஜில்பெர்டோ' ஆல்பத்தின் ஒலிப்பதிவுப் பொறியாளர் இதே ரமோன்தான். அதற்காக கிராமி விருதும் பெற்றவர். அந்த ஆல்பத்தில் ஸ்டான் கெட்ஸின் சாக்ஸஃபோன் குரலுக்குப் பதில் சொல்லும் விதத்தையும், இந்தப் பாட்டில் ஜாஸ் கலைஞர் ஃபில் வுட்ஸின் ஆல்டோ சாக்ஸஃபோன் ஜோயலின் வரிகளுக்கு இடையே நுழையும் விதத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டுக்கும் நடுவே ஒரே செவி இருப்பது விளங்கும்.

இதில் ஜோயல் வாசிப்பது சாதாரண பியானோ அல்ல, ஃபெண்டர் ரோட்ஸ் என்னும் மின்பியானோ. அதன் மணியோசை போன்ற மெத்தென்ற ஒலியும், பின்னால் பனிப்படலம் போல் பரவியிருக்கும் ஜோயலின் அடுக்கிய குரல்களும் சேர்ந்துதான் அந்தப் பாட்டின் சூழலை உருவாக்குகின்றன.

தலைப்புப் பாடலின் விசில் எப்படி வந்தது?

பாட்டின் தொடக்கத்துக்கென ஒரு மெட்டு ஜோயலிடம் இருந்தது. இதை எந்தக் கருவியில் வாசிக்கலாம் என்று கேட்பதற்காக ரமோனிடம் அதை விசிலடித்துக் காட்டினார். வேறு கருவி எதற்கு, இதுவே போதும் என்று ரமோன் சொல்லிவிட்டார். பாட்டு பியானோவும் விசிலுமாக, ஆள் நடமாட்டமற்ற தெருவில் ஒருவர் தனியே நடந்து போவதைப் போலத் தொடங்கி, திடீரென்று கிதாரும் டிரம்ஸுமாகச் சீறி எழுகிறது. கடைசியில் மறுபடி விசிலுக்கே வந்து சேர்கிறது. மனிதர்கள் தமக்கு மிக நெருங்கியவர்களிடமும் காட்டாமல் மறைத்துவைக்கும் முகத்தைப் பற்றிய பாட்டுக்கு, இந்த இரட்டை அமைப்பைவிடப் பொருத்தமான ஒன்று இருக்க முடியாது. ஆல்பத்தின் கடைசிப் பாடல் முடிந்த பிறகும் அதே விசில் ஒருமுறை திரும்ப வருவதைப் பலர் கவனிப்பதில்லை. ஜப்பானில் இந்தப் பாட்டு சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, வெளியாகி, அங்கே பெரும் வெற்றி பெற்றது.

'சீன்ஸ் ஃப்ரம் ஆன் இட்டாலியன் ரெஸ்டாரன்ட்' ஏன் இவ்வளவு போற்றப்படுகிறது?

ஏழரை நிமிடத்துக்கும் மேலான இந்தப் பாட்டு சிங்கிளாக வெளிவரவே இல்லை. இருந்தும் ஜோயலின் ரசிகர்களிடம் கேட்டால் பலர் முதலில் சொல்லும் பெயர் இதுதான். மூன்று தனித்தனிப் பாட்டுத் துண்டுகளை ஜோயல் ஒன்றாகக் கோத்தார். பீட்டில்ஸின் 'ஏபி ரோடு' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் முடியாத துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்து ஓடும் முறையே அவருக்கு முன்மாதிரி. மார்ட்டினை மறுத்தவர் மார்ட்டினின் கைவண்ணத்தையே இங்கே பாடமாகக் கொண்டார்.

முதல் துண்டில் நெடுநாள் கழித்துச் சந்திக்கும் இருவர் உணவகத்தில் மெல்லப் பேசத் தொடங்குகிறார்கள். பியானோ, சாக்ஸஃபோன், அக்கார்டியன் என்று ஒலி விரிகிறது. நடுவில் தாளம் வேகமெடுத்து நியூ ஆர்லியன்ஸ் பாணிக் குதூகலமாகிறது. மூன்றாவது துண்டே பாட்டின் இதயம்: பள்ளி நாட்களில் எல்லாரும் அண்ணாந்து பார்த்த பிரெண்டா, எடி என்ற இணை, 1975ஆம் ஆண்டுக் கோடையில் திருமணம் செய்து, ஓர் அடுக்ககத்தில் குடியேறி, சேமித்த பணத்தில் சாமான்கள் வாங்கி, பணத்தட்டுப்பாட்டில் முறிந்து, கடைசியில் திரும்பிப்போக இடமில்லாமல் நிற்கும் கதை. பிறகு முதல் துண்டின் மெட்டு மீண்டும் வர, அதுவரை கேட்டது முழுவதும் அந்த உணவக மேசையில் நடந்த பேச்சு என்பது நமக்குப் புரிகிறது.

சிறுகதை எழுதுபவர்கள் இந்தப் பாட்டைப் படிக்க வேண்டும் என்று நான் மனமாரச் சொல்வேன். அந்த இருவரின் வீழ்ச்சியை ஜோயல் இரங்கற்பாவாகப் பாடவில்லை, துள்ளும் பியானோவில் பாடுகிறார். ஊர்வம்பு பேசுபவர்களின் உற்சாகம் அப்படித்தான் இருக்கும். கேட்பவருக்கு வலி பிறகுதான் உறைக்கிறது. பாட்டின் தொடக்க வரியில் வரும் வெள்ளை ஒயினும் சிவப்பு ஒயினும் கார்னகி அரங்குக்கு எதிரே இருந்த ஃபோன்டானா டி ட்ரெவி என்ற உணவகத்தின் பணியாளர் கேட்ட கேள்வியிலிருந்து எடுத்தவை என்று ஜோயல் கூறியிருக்கிறார்.

'வியன்னா' யாரைப் பற்றிய பாட்டு?

அவருடைய தந்தையைச் சுற்றிய பாட்டு. ஜெர்மனியின் நியூரம்பெர்கில் துணி வணிகம் செய்த யூதக் குடும்பத்தில் பிறந்த ஹோவர்டு ஜோயல், நாஜிகளின் ஆட்சியில் எல்லாவற்றையும் இழந்து, சுவிட்சர்லாந்து, கியூபா வழியாக நியூயார்க் வந்து சேர்ந்தவர். செவ்வியல் பியானோவில் தேர்ச்சியுள்ளவர். பில்லி சிறுவனாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தனர். தந்தை ஐரோப்பாவுக்குத் திரும்பி வியன்னாவில் குடியேறினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜோயல் அவரைத் தேடிச் சென்றபோது, வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் தெருப் பெருக்குவதைக் கண்டு வருந்தினார். தந்தையோ, அவருக்கு ஒரு வேலை இருக்கிறது, தான் பயனுள்ளவர் என்ற எண்ணத்தோடு வாழ்கிறார் என்று விளக்கினாராம். முதுமையை அஞ்ச வேண்டியதில்லை, இளமையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடத் துடிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அங்கிருந்து பாட்டுக்குள் வந்தது.

வெளியான காலத்தில் பெரிதாகப் பேசப்படாத இந்தப் பாட்டு, இணையவழி இசை கேட்கும் தலைமுறையிடம் ஜோயலின் மிகப் பிரியமான பாடல்களில் ஒன்றாகிவிட்டது. இருபது வயதிலேயே பின்தங்கிவிட்டோம் என்று பதறும் இளைஞர்கள் இதைத் தமக்கென எழுதப்பட்ட கடிதமாகக் கேட்கிறார்கள். அக்கார்டியனும் பியானோவும் பழைய ஐரோப்பியச் சிற்றுண்டிச் சாலையை நினைவூட்டினாலும், பாட்டு எங்கும் உருகி வழிவதில்லை. ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்க நேரமிருக்கிறது என்பவருக்கு நான் இதையே சொல்வேன்.

'ஒன்லி தி குட் டை யங்' பாட்டுக்கு ஏன் எதிர்ப்பு வந்தது?

கத்தோலிக்கக் கட்டுப்பாட்டில் வளர்ந்த வர்ஜினியா என்ற பெண்ணின் தயக்கத்தைக் கலைக்க ஓர் இளைஞன் வாதாடுவதுதான் பாட்டின் பொருள். இதை மதத்தைப் பழிக்கும் பாட்டாகக் கருதியவர்கள் இருந்தார்கள். நியூ ஜெர்சியில் உள்ள செட்டன் ஹால் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் வானொலி 1978இல் இதை ஒலிபரப்ப மறுத்தது. அதுவரை சுமாராகப் போய்க்கொண்டிருந்த சிங்கிள், தடைச் செய்தி பரவியதும் வேகமாக விற்று, பில்போர்டு பட்டியலில் 24ஆம் இடம்வரை சென்றது. மதத்தைத் தாக்குவது தன் நோக்கமல்ல, இது இச்சையைப் பற்றிய பாட்டு என்பதே ஜோயலின் விளக்கம்; பாட்டிலுள்ள இளைஞன் கடைசிவரை வெற்றி பெறுவதில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

இசை சார்ந்த ஒரு செய்தியும் இதில் உண்டு. ஜோயல் இதை முதலில் ஜமைக்கா நாட்டு இசையான ரெகேயின் தாளத்தில்தான் அமைத்திருந்தார். டெவிட்டோவுக்கு அது அறவே பிடிக்கவில்லை. நீ ஜமைக்காவுக்கு மிக அருகே போனது லாங் ஐலண்ட் ரயிலில் மாறுவதற்காக ஜமைக்கா நிலையத்தில் இறங்கியபோதுதான் என்று சொல்லி வாசிக்க மறுத்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாளம் மாறியது, பாட்டு இன்றிருக்கும் துள்ளலைப் பெற்றது. கூலிக்கு அமர்த்திய கலைஞர் யாரும் முதலாளியிடம் இப்படிப் பேசியிருக்க மாட்டார். சொந்தக் குழுவோடுதான் வருவேன் என்று ஜோயல் பிடிவாதம் பிடித்ததன் பயன் இத்தகைய இடங்களில் கண்கூடாகத் தெரிகிறது.

'மூவின் அவுட்' பாட்டிலும் இதுபோன்ற குறுக்கீடு இருந்ததா?

இருந்தது. ஜோயல் முதலில் எழுதிவந்த மெட்டைக் கேட்ட டெவிட்டோ, இது பாடகர் நீல் செடாக்காவின் 'லாஃப்டர் இன் தி ரெயின்' பாட்டாயிற்றே என்றார். ஜோயல் வரிகளை வைத்துக்கொண்டு மெட்டை முற்றிலும் மாற்றினார். ஆண்டனி என்ற மளிகைக்கடை ஊழியன், இரவில் மதுக்கூடத்திலும் வேலை பார்க்கும் காவலர் ஓலியரி என்று, கார் வாங்கவும் புறநகரில் வீடு வாங்கவும் முதுகொடிய உழைக்கும் மனிதர்களின் பாட்டு அது. முடிவில் உறுமிக்கொண்டு கிளம்பும் கார் ஸ்டெக்மேயருடையது.

'ஷீஸ் ஆல்வேஸ் எ வுமன்' பெண்களை இழிவுபடுத்துவதாகச் சிலர் சொல்வது சரியா?

பாட்டில் வரும் பெண் பொய் சொல்வாள், காயப்படுத்துவாள், நினைத்ததைச் சாதிப்பாள். இவற்றைப் பட்டியலிட்டுவிட்டு, எனக்கு அவள் எப்போதும் பெண்தான் என்று முடிப்பதைக் குறை கூறியவர்கள் உண்டு. இதன் பின்னணியை அறிந்தால் பாட்டு வேறு விதமாக ஒலிக்கும். ஜோயலின் குழப்பமான ஒப்பந்தங்களையும் பணவிவகாரங்களையும் கையிலெடுத்துச் சீர்செய்தவர் எலிசபெத். ஆண்களே நிறைந்திருந்த இசைத்தொழிலில் கறாராகப் பேரம் பேசிய அவரைப் பெண்மை இல்லாதவர் என்று பலர் ஏசினார்கள். அந்த ஏச்சுகளுக்குக் கணவர் தந்த பதில் இது. ஆனாலும் சில வரிகள் பாராட்டா பழியா என்று பிரித்தறிய முடியாமல் நெருடுகின்றன என்பதையும் நான் மறுக்கவில்லை. அவர்கள் 1982இல் மணவிலக்குப் பெற்றார்கள்.

ஆல்பத்தில் சோடையான பாட்டு இல்லையா?

'கெட் இட் ரைட் தி ஃபர்ஸ்ட் டைம்' மற்றவற்றின் உயரத்துக்கு வரவில்லை. வாசிப்பு நன்றாக இருக்கிறது, பாட்டாக மனத்தில் தங்குவதில்லை. 'எவ்ரிபடி ஹாஸ் எ டிரீம்' ரிச்சர்ட் டீயின் ஆர்கனாலும், ஃபீபி ஸ்னோ, பாட்டி ஆஸ்டின் முதலியோரின் பின்னணிக் குரல்களாலும் தேவாலய இசையின் நிறைவைப் பெறுகிறது.

அட்டைப்படம் எதைக் காட்டுகிறது?

ஜிம் ஹௌட்டன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. கோட்டும் டையும் அணிந்த ஜோயல், வெறுங்காலுடன் கட்டிலில் அமர்ந்து, தலையணையில் கிடக்கும் முகமூடி ஒன்றை நோக்குகிறார். சுவரில் குத்துச்சண்டைக் கையுறைகள் தொங்குகின்றன. இளமையில் அவர் குத்துச்சண்டை வீரராக இருந்து மூக்குடைபட்டவர். பின்னட்டையில் அவரும் குழுவினரும் ரமோனும் உணவக மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். முன்னட்டையில் தனியாள், பின்னட்டையில் குழு என்ற இந்த அமைப்பு ஆல்பத்தின் உண்மையைச் சரியாகவே சொல்கிறது.

விற்பனையிலும் விருதுகளிலும் என்ன நடந்தது?

வெளிவந்த உடனே இது வெடித்துவிடவில்லை. 'ஜஸ்ட் தி வே யூ ஆர்' வானொலியில் பரவி, 1978 தொடக்கத்தில் பில்போர்டு பட்டியலின் 3ஆம் இடத்துக்கு ஏறியபோதுதான் ஆல்பமும் ஏறியது. 'மூவின் அவுட்', 'ஷீஸ் ஆல்வேஸ் எ வுமன்' இரண்டும் 17ஆம் இடத்தைத் தொட்டன. ஆல்பம் 6 வாரங்கள் 2ஆம் இடத்தில் நின்றது. முதலிடத்தை விடாமல் வைத்திருந்தது 'சாட்டர்டே நைட் ஃபீவர்' திரைப்படத்தின் பாடல்கள். அந்நாள்வரை கொலம்பியா நிறுவனத்தில் மிக அதிகம் விற்றிருந்த சைமன் – கார்ஃபங்கல் இணையின் 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்' ஆல்பத்தையும் இது முந்தியது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடிக்கும் மேலான பிரதிகளுக்குரிய வைரச் சான்றைப் பெற்றிருக்கிறது. 1979 கிராமி விழாவில் 'ஜஸ்ட் தி வே யூ ஆர்' ஆண்டின் சிறந்த பதிவு, ஆண்டின் சிறந்த பாடல் ஆகிய இரு விருதுகளையும் வென்றது. குழுவே வேண்டாமென்று வெட்டி எறியவிருந்த பாட்டு அது.

விமர்சகர்கள் எப்படி ஏற்றார்கள்?

குளிர்ச்சியாகவே ஏற்றார்கள். பாராட்டியவர்கள் இருந்தார்கள், ஆனால் ராபர்ட் கிறிஸ்ட்காவ் போன்ற செல்வாக்குள்ள நியூயார்க் விமர்சகர்கள் ஜோயலிடம் இணக்கம் காட்டவில்லை. இதற்குக் காலமும் ஒரு காரணம். 1977ஆம் ஆண்டு நியூயார்க்கில் சிபிஜிபி அரங்கிலிருந்து பங்க் இசை சீறிக்கொண்டிருந்தது. நகரம் நிதி நெருக்கடியில் தவித்து, ஜூலை மாதம் ஒரு முழு இரவு இருளில் மூழ்கி, கொள்ளையும் தீவைப்பும் கண்டது. அந்தச் சூழலில், நேர்த்தியான மெட்டும் சாக்ஸஃபோனுமாக வந்த ஒருவரை அவர்கள் பழமைவாதியாகவே பார்த்தார்கள்.

அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டனி, பிரெண்டா, எடி ஆகியோர் அதே நெருக்கடியின் பிள்ளைகள். புறநகரில் வீடு, கார், முறிந்துபோகும் திருமணம் என்று கீழ்நடுத்தர மக்களின் வாழ்க்கையை அவர்களுக்கு வெகு அருகில் நின்று பாடியவர் ஜோயல். மெட்டு இனிமையாக இருந்ததால் பொருள் இலகுவானது என்று விமர்சகர்கள் எண்ணிவிட்டார்கள். ஜோயலும் அதைப் பெருந்தன்மையோடு எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்மறை விமர்சனங்களை மேடையிலேயே வாசித்துக் கிழித்திருக்கிறார். கருத்து மெல்ல மாறியது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2003இல் வெளியிட்ட மிகச்சிறந்த 500 ஆல்பங்களின் பட்டியலில் இது 67ஆம் இடம் பெற்றது. 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் 169ஆம் இடத்துக்கு இறங்கியது.

ஜோயலும் ரமோனும் தொடர்ந்து இணைந்து பணியாற்றினார்களா?

ஆம். அடுத்த ஆண்டே வந்த '52வது ஸ்ட்ரீட்' ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றது; 1982இல் ஜப்பானில் காம்பாக்ட் டிஸ்க் வடிவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ஆல்பம் என்ற பெருமையும் அதற்கு உண்டு. 1986இல் வந்த 'தி பிரிட்ஜ்' வரை ஜோயலின் ஸ்டூடியோ ஆல்பங்களை ரமோனே தயாரித்தார். ரமோன் 2013இல் காலமானார். ஸ்டெக்மேயர் அதற்கு வெகு முன்பே, 1995இல் மறைந்துவிட்டார்.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

ஆல்பத்தை வரிசை மாற்றாமல், ஒரே அமர்வில் கேட்பது நல்லது. அதன்பின் 2008இல் வெளியான சிறப்புப் பதிப்பைத் தேடிப்பிடியுங்கள். 1977 ஜூன் 3 அன்று கார்னகி அரங்கில் நடந்த கச்சேரியின் பதிவு அதில் சேர்க்கப்பட்டுள்ளது. 'ஜஸ்ட் தி வே யூ ஆர்', 'சீன்ஸ் ஃப்ரம் ஆன் இட்டாலியன் ரெஸ்டாரன்ட்' இரண்டையும் குழுவினர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைவதற்கு முன்பே அங்கே வாசித்திருக்கிறார்கள். முதலில் கச்சேரியில் உள்ளதையும் பிறகு ஆல்பத்தில் உள்ளதையும் கேட்டால், குழு ஏற்கெனவே கையில் வைத்திருந்தது எது, ரமோன் சேர்த்தது எது என்பதை நீங்களே பிரித்தறியலாம். முதல் பாட்டில் டிரம்ஸையும், இரண்டாவது பாட்டில் பிரெண்டா, எடி பகுதி தொடங்கும் இடத்தில் ஜோயலின் இடக்கையையும் ஸ்டெக்மேயரின் பேஸையும் குறிப்பாகக் கவனியுங்கள்.